‘அனுபவம் இல்லை’ என்று எழுதாதீர்கள்



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் சேலைக்கடைப் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய ஓர் அம்மாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம். ரயிலேறி பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து பெரியில் கடல் தாண்டி வந்திருக்கிறார். கையில் பிள்ளையின் பள்ளிக்கூட பைல் ஒன்று.

“ஐயா, மகன் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்தான். வேலைக்குப் போடற கடுதாசி. சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க.”

வாங்கிப் பார்த்தேன். மலாய் எழுத்தில் பிழையில்லை. பையன் நன்றாகத்தான் அடித்திருக்கிறான். பெயர், முகவரி, வயது 44, படிப்பு ஆறாம் வகுப்பு. அதற்குக் கீழே ஒரு வரி: ‘பெங்ஙலாமான்: தியாடா.’ அதாவது, அனுபவம் இல்லை.

“அம்மா, எத்தனை வருஷம் வேலை செஞ்சீங்க?”

“இருவத்திரண்டு வருஷமுங்க. ஒம்போது வருஷம் பால்வெட்டு. அப்புறம் ரப்பரை அழிச்சுட்டு செம்பனை போட்டாங்க. அதுல பதிமூணு வருஷம். மருந்தடிச்சேன், உதிரிப்பழம் பொறுக்கினேன், நாற்று மேடையிலயும் இருந்தேன்.”

“அப்புறம் ஏன் அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கு?”

“அது தோட்ட வேலைதானுங்களே!”

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அம்மாள் மேல் இல்லை. இருபத்திரண்டு வருஷ உழைப்பை ‘தியாடா’ என்று எழுத வைத்த பழக்கத்தின் மேல். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற கால்கள் இவை. அந்த உழைப்பை ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டு, வெறுங்கையோடு தொழிற்சாலை வாசலில் போய் நிற்பதா? தோட்டம் கைமாறிவிட்டது. புதிய முதலாளி ஆட்களை எடுத்துக்கொள்ளவில்லை. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கெடு வேறு. அந்த அம்மாளுக்கு அந்தக் கடுதாசி விளையாட்டுக் காரியமில்லை.

ஆகவே இந்த வாரம் வேலை விண்ணப்பக் கடிதத்தைப் பற்றியும், ‘ரெசுமே’ என்கிறார்களே, அந்தத் தன்விவரக் குறிப்பைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது 1972-ல். பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரம். முதலமைச்சர் லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கூப்பிட்டு வந்தார். வயல்வெளியில் இன்டெல் வந்தது, நேஷனல் செமிகண்டக்டர் வந்தது, ஹிட்டாச்சி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது. எங்கள் லயத்தில் கொஞ்சம் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்று பையன்கள் வந்து கேட்டார்கள். நான் பெரிய மேதாவிபோல ஒரு கடிதத்தை எழுதி, கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். தகப்பனார் நோயாளி, குடும்பம் வறுமையில் வாடுகிறது, தங்கள் பாதம் பணிந்து வேண்டுகிறேன் என்று மூன்றிலும் ஒரே ஒப்பாரி. மூன்றும் ஒரே தொழிற்சாலைக்கு, ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. மூவரில் ஒருவனையும் கூப்பிடவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். மூவரின் தகப்பனாருக்கும் ஒரே வியாதியா என்றுதான் சிரித்திருப்பேன்!

அந்தக் கடிதத்தில் வறுமை இருந்தது, பணிவு இருந்தது. அந்தப் பையனுக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஒருவன் டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன். அதை எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

நம்மவர்களுக்கு மனு எழுதித்தான் பழக்கம். துரைக்கு மனு, லேபர் ஆபீசுக்கு மனு, கோயிலுக்கு நிலம் கேட்டு மனு. மனுவில் இரக்கத்தைத் தூண்ட வேண்டியிருந்தது. விண்ணப்பக் கடிதம் அப்படியல்ல. அங்கே ஓர் ஆள் தேவைப்படுகிறது, இங்கே ஓர் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் சமூகநல இலாகா.

நல்ல விண்ணப்பக் கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் தமிழர் ஒருவரே சாட்சி. கணித மேதை ராமானுஜன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் கல்லூரியின் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது, கையில் காசில்லை. அப்போது வயது 24. சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஒரு கிராணி வேலை காலி என்று கேள்விப்பட்டு, 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி அங்கிருந்த தலைமைக் கணக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. சின்னஞ்சிறு கடிதம்.

அதில் என்ன இருந்தது? தங்கள் அலுவலகத்தில் வேலை காலி என்று அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று நேராகத் தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார். எப்.ஏ. வரை படித்ததையும், சில இடையூறுகளால் மேலே தொடர முடியாமல் போனதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். மறைக்கவுமில்லை, அதற்காக அழவுமில்லை. அடுத்த வரியிலேயே, தன் நேரம் முழுவதையும் கணக்குக்கே செலவிட்டு வருவதைச் சொல்கிறார். வேலை கொடுத்தால் நன்றாகச் செய்வேன் என்ற நம்பிக்கையைச் சொல்கிறார். முடித்துவிட்டார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசு ஒன்று. மார்ச் மாதம் முதல் தேதி வேலையில் சேர்ந்துவிட்டார். மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். அந்த மேசையிலிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலும் தான் ஒரு துறைமுகக் கிராணி என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அவர் மேதை, நாம் யார் என்று கேட்காதீர்கள். அந்தத் துறைமுகக் கடிதத்தில் மேதாவித்தனம் ஏதுமில்லை. எந்த வேலை, என்ன படிப்பு, எங்கே தடைப்பட்டது, என்ன தெரியும், யார் சாட்சி. இந்த ஐந்தும்தான்.

இனி அந்த அம்மாளின் கதைக்கு வருகிறேன். தோட்ட வேலையை எப்படி எழுதுவது? அங்கேயே உட்கார்ந்து இருவரும் பேசிப் பேசி எழுதினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தேநீர் இரண்டு தரம்.

பால்வெட்டு என்று எழுதிவிட்டால் டவுனில் வளர்ந்த அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. மரத்தின் உயிர்ப்பட்டையில் படாமல், மயிரிழை கணக்காகக் கத்தியை இழுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம். இதைவிட நுணுக்கமான கைவேலை என்ன இருக்கிறது? ‘கூரிய கருவியைக் கொண்டு துல்லியமாகக் கைவேலை செய்வதில் 9 ஆண்டு பழக்கம், அன்றாடம் குறித்த அளவு வேலையை முடிக்க வேண்டிய பொறுப்பு’ என்று எழுதினோம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மருந்தடித்தது இன்னும் நல்ல சரக்கு. எந்த மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், முதுகுப் பம்பை எப்படிக் கழுவுவது, கையுறை, முகமூடி, பூட்ஸ், காற்றடிக்கும் திசை, எல்லாம் அந்த அம்மாளுக்கு அத்துப்படி. பாரகுவாட் மருந்து 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டதையும் அவரே எனக்குச் சொன்னார். இரசாயனத்தைப் பாதுகாப்போடு கையாளத் தெரிந்த ஆள் என்றால் தொழிற்சாலைக்காரர் காது கொடுத்துக் கேட்பார். ‘இரசாயனங்களை அளந்து கலந்து பயன்படுத்துதல், பாதுகாப்பு உடை அணிந்து வேலை செய்த பழக்கம்’ என்று அதற்கு ஒரு வரி.

“வேற என்னம்மா செஞ்சீங்க?”

“வேற ஒண்ணுமில்லீங்க.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கோயில் மகளிர் பிரிவுல ஆறு வருஷம் பொருளாளரா இருந்தேன். அதெல்லாமா எழுதுவாங்க?” என்றார்.

எழுதுவார்கள், தாயே! வரவு செலவு நோட்டு வைத்து, திருவிழாக் கணக்கை ஒரு காசு பிசகாமல் கூட்டத்தில் வாசித்தவர் நீங்கள். நம்பிக்கையான ஆள் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? இளைஞர் மன்றச் செயலாளர், பந்து விளையாட்டுக் குழுத் தலைவர், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், லாரியில் கிளீனராக ஓடியவர், எல்லாரும் இப்படித்தான் எதையும் சொல்லாமல் விடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வைத்திருப்பதைக்கூட எழுதுவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து சொந்தமாக வீடு திரும்ப முடியுமா என்பது முதலாளிக்குத் தெரிய வேண்டிய சங்கதி.

மொழியை மறந்துவிடாதீர்கள். தமிழ், மலாய் இரண்டும் நமக்குச் சரளம். பினாங்கில் பிறந்து வளர்ந்த பல பேருக்கு ஹொக்கியனும் வரும். சந்தையில் மீன் பேரம் பேசுகிற ஹொக்கியன் என்றாலும் எழுதுங்கள். ஆனால் எழுதியதைப் பேசிக் காட்டச் சொன்னால் விழிக்கக் கூடாது.

பொய் வேண்டவே வேண்டாம். எஸ்.பி.எம். தேறாதவர் தேறியதாக எழுதினால், வேலை கிடைத்த பிறகு வெளியே வந்தாலும் வேலை போய்விடும். எஸ்.பி.எம். இல்லாவிட்டாலும் எஸ்.கே.எம். என்னும் திறன் சான்றிதழ் இருந்தால் முன்னால் போடுங்கள். பாயான் லெப்பாஸில் 1989-லிருந்து நடக்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களில் குறுகிய காலப் பயிற்சி எடுத்திருந்தால் அதையும் சேர்க்கலாம்.

பெயர் விஷயம். இது நம் சாபக்கேடு. அடையாளக்கார்டில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் வேறு எழுத்து, பள்ளிக்கூடச் சான்றிதழில் மூன்றாவது எழுத்து. அந்தக் காலத்தில் பதிவு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்த வினை. விண்ணப்பத்தில் அடையாளக்கார்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ உட்பட. வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால் நேர்முகத்தின்போது முந்திக்கொண்டு நாமே சொல்லிவிடுவது நல்லது.

கடிதத்தின் உருவம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கே தெரியும். மேலே நம் முகவரி, பிறகு அவர்கள் முகவரி, தேதி, ‘துவான் / புவான்’. அதன் கீழ் எந்த வேலைக்கு என்று கனத்த எழுத்தில் தலைப்பு. முதல் பத்திக்கு எண் கிடையாது, அடுத்த பத்தி 2 என்று தொடங்கும். ‘செக்கியான், தெரிமா காசே’ சொல்லி, ‘யாங் பெனார்’ என்று கையெழுத்து. கடிதம் ஒரு பக்கம், ரெசுமே ஒரு பக்கம். இருபது வருஷ வேலைக்காரருக்கு இரண்டு பக்கம் போகலாம். அண்மையில் செய்த வேலை மேலே, பழையது கீழே. பூப்போட்ட தாளும் கலர் எழுத்தும் கல்யாணப் பத்திரிகைக்கு இருக்கட்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆப்பரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பல தொழிற்சாலைகளில் கடிதத்தை யாரும் நின்று படிப்பதில்லை. நேரில் வரச் சொல்வார்கள், அங்கேயே ஒரு பாரம் கொடுப்பார்கள், நிரப்பினால் முடிந்தது. அப்படியானால் இதெல்லாம் வீணா? இல்லை. வீட்டில் நிதானமாக எழுதிய ரெசுமே கையில் இருந்தால், அந்தப் பாரத்தைத் தடுமாறாமல் பார்த்து நிரப்பலாம். அங்கே உட்கார்ந்துகொண்டு ‘எந்த வருஷம் சேர்ந்தேன்’ என்று விரல் விட்டு எண்ணுகிறவரைப் பார்த்தாலே அதிகாரிக்கு அலுப்புத் தட்டிவிடும். டெக்னீஷியன், கிராணி, ஸ்டோர் பொறுப்பாளர் என்று கொஞ்சம் மேலே ஆசைப்பட்டால் கடிதம் இல்லாமல் நடக்காது.

தேதிகளுக்கு என்ன அத்தாட்சி? தோட்டம் விற்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த உடனே தோட்டத்து ஆபீசில் வேலை உறுதிக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த நாள் சேர்ந்தார், எந்த நாள் வரை, என்ன வேலை. ஆபீஸ் மூடிய பிறகு கிராணியை எங்கே தேடுவது? அது கிடைக்காமல் போனவர்கள் ஊழியர் சேமநிதிக் கணக்கு அறிக்கையைப் பார்க்கலாம். எந்த மாதம் எந்த முதலாளி பணம் கட்டினார் என்பது அதில் இருக்கும்.

இந்தத் தேதிகள் வேலை தேட மட்டுமல்ல. 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு நிவாரண விதிகளின்படி, ஐந்து வருஷமோ அதற்கு மேலோ செய்தவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம். அந்த அம்மாளுக்கு 22 வருஷம், அதாவது 440 நாள் சம்பளம்! வருஷத்தைக் குறைத்துச் சொன்னால் யாருக்கு நஷ்டம்?

இன்னொன்றும் கேட்டேன். “பெர்க்கேசோவுல வேலையிழந்தோர் காப்புறுதிக்கு எழுதிப் போட்டீங்களா?” அம்மாள் விழித்தார். வேலை போய் அன்றைக்கு 41-ஆவது நாள். 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 2018-லிருந்து நம் சம்பளத்தில் மாதாமாதம் சில காசு இதற்காகத்தான் பிடிக்கிறார்கள். ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அப்புறம் 40, 40, 30, 30 என்று ஆறு மாதம் வரை கிடைக்கும், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. தானாக வேலையை விட்டவருக்குக் கிடையாது. ஆகவே ஆபீசில் யாராவது ‘நானே விலகிக்கொள்கிறேன்’ என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால், படிக்காமல் போட்டுவிடாதீர்கள். பெர்க்கேசோவின் ‘மைபியூச்சர்ஜாப்ஸ்’ இணையத்தளத்தில் வேலை தேடுகிறவர்கள் காசு கொடுக்காமல் பதிந்துகொள்ளலாம். பிள்ளைகள் கைப்பேசியிலேயே செய்து கொடுப்பார்கள்.

கைப்பேசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. என் காலத்தில் நேர்முகக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே பெட்டியில் கிடந்து, நாள் கடந்த பிறகு பெரட்டில் கையில் கிடைத்தது உண்டு. என் வாய்ப்பு ஒன்றே அப்படிப் போயிற்று. இன்றைக்கு அதே கூத்து வேறு விதத்தில் நடக்கிறது. டாப்-அப் போடாமல் நம்பர் செத்துவிடுகிறது, அல்லது மாசத்துக்கு ஒரு நம்பர் மாற்றுகிறார்கள். கூப்பிடுகிறவர் இரண்டு முறை கூப்பிடுவார், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். உங்கள் நம்பரோடு வீட்டில் இன்னொருவர் நம்பரையும் எழுதுங்கள், அவரிடம் சொல்லியும் வையுங்கள்.

அடையாளக்கார்டுப் பிரதியைக் கேட்டால், மேலே இரண்டு கோடு கிழித்து ‘வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். பேங்க் நம்பரை வேலை உறுதியாகும்வரை கொடுக்காதீர்கள். முன்பணம் கட்டச் சொல்கிறவன் வேலை கொடுக்க வந்தவனில்லை. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பிப் போன மலேசியப் பிள்ளைகள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் அடைபட்டுக் கிடந்த செய்தியை 2022-ல் பத்திரிகைகளில் படித்தோமே. பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 997-க்குக் கூப்பிடுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து மாதம் 1,700 வெள்ளி. ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்ற கட்டத்தில் ‘எவ்வளவு கொடுத்தாலும் சரி’ என்று எழுதுகிறார்கள் நம்மவர்கள். அதற்கும் கீழே கேட்க நமக்கே உரிமையில்லை.

அந்த அம்மாள் பத்து காவானில் ஒரு தொழிற்சாலைக்கு எழுதிப் போட வந்திருந்தார். பத்து காவான் என்றால் நம் பெரியவர்களுக்கு நினைவு வரும். கரும்பு, ரப்பர், செம்பனை என்று நம் சனம் வியர்வை சிந்திய தோட்டம். 2014-ல் இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கியது. இப்போது மரமிருந்த இடத்தில் கம்பெனிகள். “எங்க பாட்டி அங்கதான் வெட்டுனாங்க. நான் அங்கேயே வேலைக்குப் போறேன் பாருங்க” என்று சிரித்தார்.

கடிதத்தைத் திருத்தி, பக்கத்துக் கடையில் அடித்து, நகல் எடுத்தோம். ஒன்று அனுப்ப, ஒன்று வீட்டில் வைக்க. பேனாவைக் கொடுத்தேன். கொஞ்சம் தயங்கினார்.

“ஐயா, தமிழ்ல கையெழுத்துப் போடலாமுங்களா? எனக்கு அதான் வரும்.”

“பேங்குல எப்படிப் போடறீங்க?”

“தமிழ்லதான்.”

“அப்ப இங்கயும் தமிழ்லயே போடுங்க.”

நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். அன்று மாலையே பெர்க்கேசோவுக்கும் மனுவைப் பதிந்துவிட்டதாக மகன் கூப்பிட்டுச் சொன்னான். அந்த பத்து காவான் தொழிற்சாலையிலிருந்து பதில் வரவில்லை. அதே ரெசுமேயை வைத்துக்கொண்டு பிறையில் இன்னொரு இடத்துக்கு நேரில் போயிருக்கிறார். மருந்தடித்த அனுபவத்தைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டார்களாம். வருகிற முதல் தேதி வேலையில் சேர்கிறார்.